பழைய வீட்டில் மறைந்து கசியும் நீர்

கம்போங் ராஜாவில் வாழும் நமக்கு ஈரம் புதிதன்று. காலையில் பனிமூட்டம், மாலையில் மழை, துவைத்த துணி உலர இரண்டு நாள். ஆதலின், பழைய வீட்டுச் சுவரில் ஈரத்திட்டு ஒன்று தோன்றினால், மலைநாட்டில் இஃது இயல்புதானே என்று வாளாவிருந்து விடுகிறோம். ஆனால், அத்திட்டின் பின்னே குழாய் ஒன்று பல மாதங்களாகக் கசிந்துகொண்டிருக்கலாம்.

மாணவர்களே, ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் ஒரு தேநீர்க் குவளை, அதாவது 200 மில்லிலிட்டர் நீர் கசிகிறது எனக் கொள்வோம். ஒரு நாளில் 288 லிட்டர்! முப்பது நாளில் 8,640 லிட்டர். மீட்டரைத் தாண்டி வந்த நீராயின், அதற்குரிய கட்டணமும் நம் தலைமேல்தான். நாடு முழுவதிலும் இதே கதைதான். 2022ஆம் ஆண்டில் மலேசியாவில் தூய்மை செய்து அனுப்பப்பட்ட குடிநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டணக் கணக்கில் சேராமலே போயிற்று. பழைய குழாய்களின் கசிவு அதற்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

பழைய வீடுகளில் பெரும்பாலும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களே இருக்கும். கருங்கல் மலைகளில் ஊறும் நீர் பொதுவாக மென்னீர். சோப்பு நன்கு நுரைக்கும். கெண்டியில் உப்புப் படியாது. ஆனால், மென்னீர் துத்தநாகப் பூச்சை மெல்ல அரித்துவிடும். பூச்சுப் போனபின் இரும்பு உள்ளிருந்து துருப்பிடிக்கிறது. காலையில் முதலில் திறக்கும் குழாயில் செந்நிற நீர் வந்தால், அதுவே முன்னறிவிப்பு. திருகு மரை வெட்டிய இணைப்புகளில் இரும்பு மெலிந்திருப்பதால், முதலில் ஓட்டை விழுவதும் அவ்விடத்திலேயே.

கசிவு உண்டா என்பதை அறிய இரவே ஏற்ற நேரம். படுக்கப் போகுமுன் எல்லாக் குழாய்களையும் மூடி, மீட்டரின் எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். விடியலில், எவரும் குழாயைத் திறக்குமுன், மீண்டும் பார்க்க வேண்டும். எண் ஏறியிருந்தால் கசிவு உண்டு. அடுத்து, வீட்டினுள் நீர் புகும் இடத்திலுள்ள தலைக்குழாயை மூடிப் பார்க்கலாம். அப்போதும் மீட்டர் சுழன்றால், கசிவு மீட்டருக்கும் வீட்டுக்கும் இடையே மண்ணுக்குள் இருக்கிறது. நின்றுவிட்டால், அது வீட்டினுள்ளேதான். தனி மீட்டர் இல்லாத லயத்து வீடுகளில், தொட்டிக்கு வரும் நீரை நிறுத்திவிட்டு, இரவில் நீர்மட்டத்தில் ஒரு கோடிட்டு வைத்தால் போதும்.

கழிவறைத் தொட்டியைப் பலர் மறந்துவிடுகின்றனர். அதன் சோதனைக்கு வேண்டிய பொருள் நம் ஊரில் தாராளமாக உண்டு. கடுந்தேயிலைச் சாயம் ஒரு குவளை எடுத்து அத்தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் நீரை இழுத்து விடாமல் காத்திருங்கள். கீழே பீங்கானில் தேயிலை நிறம் தெரிந்தால், உள்ளிருக்கும் ரப்பர் அடைப்புத் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றச் செலவு சொற்பமே.

சுவருக்குள் ஓடும் குழாய்க்குச் செவியே துணை. 1816ஆம் ஆண்டில் லென்னெக் என்ற பிரெஞ்சு மருத்துவர் சுருட்டிய தாளை நோயாளியின் நெஞ்சில் வைத்து இதய ஒலியைக் கேட்டார். பின்னர் மரத்தால் குழல் ஒன்று செய்துகொண்டார். நீர்வழங்கல் பணியாளரும் இவ்வாறே நீண்ட கோலின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பதுண்டு. அமைதியான இரவில், வெளியே தெரியும் குழாய்ப் பகுதிகளில் நாமும் ஒரு மரக்கோலால் கேட்டுப் பார்க்கலாம். 'உஸ்' என்னும் ஓசை எங்கே மிகுகிறதோ அதன் அருகில்தான் கசிவு. ஈரச்சுவரில் மின்விசைப் பொத்தான் இருந்தால் அதைத் தொடாமல், முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

ஈரமெல்லாம் கசிவும் அன்று. ஐயமுள்ள இடத்தில் பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு ஓரமும் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் வெளிப்புறம் நனைந்தால் அது காற்றிலுள்ள ஈரம். சுவரை ஒட்டிய பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. மழை நாளில் மட்டும் பெருகுவது கூரைக் கசிவு. மழையற்ற நாளிலும் மாறாதிருப்பது குழாய்க் கசிவு.

சரிவில் நிற்கும் வீடாயின் தாமதம் கூடாது. நீர் புகுந்த மண் கனக்கிறது. மணலும் களியும் ஒன்றையொன்று பற்றும் வலிமையும் குறைகிறது. 2011 ஆகஸ்டு 7ஆம் நாள் சுங்கை ருயிலில் எழுவரையும், 2024 ஜனவரி 26ஆம் நாள் நம் அருகிலுள்ள புளூ வேலியில் தொழிலாளர் ஐவரையும் மண்சரிவு கொண்டுபோயிற்று. அவை குழாய்க் கசிவால் நேர்ந்தன என்று நாம் கூறவில்லை. எனினும், மழையே போதிய நீரை மண்ணுக்குள் இறக்கும் இடத்தில், குழாய் நீரையும் சேர்த்து இறக்குவானேன்? வீட்டின் பின்புறம் மழையில்லா நாளிலும் சேறு காயாதிருந்தால், தரையில் புது வெடிப்புத் தெரிந்தால், அன்றே தோட்ட அலுவலகத்திலோ வீட்டுக்காரரிடமோ சொல்லிவிட வேண்டும்.

குழாயைப் பழுதுபார்த்ததும் சுவர் உடனே உலர்ந்துவிடாது. நம் குளிரில் பல வாரங்கள் ஆகும். அதற்குள் வெள்ளையடித்தால் பூச்சு உரியும். ஈரத்திட்டின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, தேதியையும் எழுதி வையுங்கள். திட்டு கோட்டுக்குள் சுருங்கினால் வேலை முடிந்தது. கோட்டைத் தாண்டினால் இன்னொரு கசிவு இருக்கிறது.