மேற்கு அறைக்கு ஒரு பத்திரம்

பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையின் முகத்தைவிட அவர் வீட்டு மாடுகளைத்தான் கவனமாகப் பார்ப்பார். அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கிளேரில், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கல்யாணப் பேச்சு இப்படித்தான் நடந்தது. தரகர் பேச்சை எடுத்ததும் பெண் வீட்டார் வயலை நடந்தே அளப்பார்கள். மண் எப்படி, தண்ணீர் தேங்குமா, மாடு எத்தனை? அன்றைக்கு மட்டும் பக்கத்து வீட்டு மாடுகள் மாப்பிள்ளையின் புல்வெளியில் மேய்ந்ததாகக் கதைகள் உண்டு.

'மேட்ச்' என்ற இந்த ஏற்பாட்டை, 1930களில் கிளேரில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர்கள் கான்ராட் ஆரன்ஸ்பர்க், சோலன் கிம்பால் விரிவாகப் பதிவு செய்தார்கள். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பின், பண்ணையைத் துண்டு போடாமல் ஒரே மகனுக்குக் கொடுப்பது வழக்கமாக வேரூன்றியிருந்தது. மருமகள் கொண்டுவரும் பணத்துக்கு 'ஃபார்ச்சூன்' என்று பெயர். அது புதுத் தம்பதிக்குப் போகாது, மாமனார் கைக்குப் போகும். அவர் அதை வைத்துத் தன் மகளைக் கட்டிக்கொடுப்பார். அந்த மகளோடு பணம் அடுத்த வீட்டுக்கு நகரும். மற்ற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கப்பல்தான்.

அப்பா நிலத்தை எழுதிக் கொடுக்கும்வரை மகன் காத்திருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியும் ஊர் அவரைப் 'பையன்' என்றே கூப்பிடும்!

எழுதிக் கொடுப்பது வக்கீல் முன்னால் நடக்கும். பெரியவர்கள் ஏமாளிகள் அல்ல. தங்களுக்கு ஓர் அறை, ஒரு மாட்டுக்குப் புல், உருளைக்கிழங்கு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக வண்டியில் இடம் என்று ஒவ்வொன்றாகப் பத்திரத்தில் ஏற்றிவிடுவார்கள். கல்யாணம் முடிந்ததும் கிழவரும் கிழவியும் மேற்கு அறைக்குக் குடிபோவார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்தில் அப்போதெல்லாம் கல்யாணம் கிடையாது. அதனால் அது தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தைய வாரங்களில் கோயில்களில் திருமணக் கூட்டம் அலைமோதும். அதையும் தவறவிட்டவர்களுக்குத் தவக்காலத்தின் முதல் ஞாயிறு ஆபத்தான நாள். கல்யாணமாகாத அவர்களின் முதுகில் யாருக்கும் தெரியாமல் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்துவிடுவார்கள் குறும்புக்காரர்கள்.

கல்யாண இரவில் அழையாமல் ஒரு கூட்டம் வரும், வைக்கோல் கூம்பில் முகத்தை மறைத்துக்கொண்டு. அவர்கள் 'ஸ்ட்ராபாய்ஸ்'. அவர்களின் தலைவன் மணப்பெண்ணோடு ஆடுவான். கூட்டம் கொஞ்சம் குடித்துவிட்டு இருட்டில் மறையும். அவர்கள் வந்தால் ராசி என்பது நம்பிக்கை. தரகரும் ஃபார்ச்சூனும் பெரும்பாலும் வழக்கொழிந்த பிறகும் இந்த வைக்கோல் முகமூடிகள் அங்கே சில கல்யாணங்களில் தலைகாட்டுகின்றன. இப்போது பல நேரம் வீட்டாரே முன்கூட்டிச் சொல்லி வரவழைக்கிறார்கள்.