தண்ணீர் இருந்தும் வாடுவது ஏன்?



மெக்கானிக்கல் படிப்பவனுக்குத் தக்காளிச் செடியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். எனக்குக் கட்டும் பீஸ் அப்பாவின் அரை ஏக்கர் தக்காளியில் இருந்துதான் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

செடி வாடினால் ஊரில் தண்ணி விடுவார்கள். அப்புறம் கடன் சொல்லி ஏதாவது மருந்து வாங்கி அடிப்பார்கள். எங்கள் தெருவில் ஒருவர் மூன்று முறை அடித்தார். செடியும் போச்சு, கடன் மட்டும் நின்னுது.

காரணம், மண்ணில் வாழும் பியூசேரியம் என்ற பூஞ்சை. கிணத்துல தண்ணி இருக்கு, மோட்டார் ஓடுது, ஆனா பைப் அடைச்சிருக்கு. தொட்டி நிறையுமா? இந்தப் பூஞ்சையும் வேர் வழியாக நுழைந்து, தண்டில் நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. மேலும் தண்ணீர் விட்டுப் பயனில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் அடி இலைகள் மஞ்சளாகும். பல சமயம் ஒரு பக்கம் மட்டும். உச்சி வெயிலில் வாடி, சாயங்காலம் நிமிரும். சில நாளில் நிமிராமலே போகும். அடித்தண்டை நீளவாக்கில் கீறினால் தோலுக்கு அடியில் பழுப்புக் கோடு தெரியும்.

இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று தொங்கினால், பாக்டீரியா வாடலாக இருக்கலாம். வெட்டிய தண்டைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்க விடுங்கள். சில நிமிடத்தில் பால் போன்ற இழை இறங்கினால் பாக்டீரியாதான். அதற்குப் பூஞ்சை மருந்து ஊற்றுவது வீண் செலவு.

நோய் முற்றிய செடியைக் காப்பாற்ற முடியாது. வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். சுற்றியுள்ள செடிகளின் வேர் நனைய, லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கார்பென்டாசிம் கலந்து ஊற்றலாம். மண்வெட்டி, டிராக்டர் கலப்பையில் ஒட்டிய மண்ணோடு பூஞ்சை அடுத்த வயலுக்குப் போகும். கழுவிவிட்டுத்தான் எடுத்துப் போகணும்.

அடுத்த போகத்திற்கு, விதை கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைக்கலாம். வயலில் ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ மக்கிய தொழு உரத்தோடு சேர்த்து இடலாம். இதுவும் ஒரு பூஞ்சைதான், நல்ல பூஞ்சை! அதனால் கார்பென்டாசிமோடு சேர்த்துப் போடக் கூடாது. கெட்ட பூஞ்சை மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும் என்பதால், அந்த நிலத்தில் சில வருஷம் மக்காச்சோளம், கம்பு என்று மாற்றிப் போடுவதும், நோய் தாங்கும் ரகம் கேட்டு வாங்குவதும் நல்லது.

நம்மில் பலர் விவசாய வீட்டுப் பிள்ளைகள். லீவுக்கு ஊருக்குப் போனால், மருந்துக் கடைக்குப் போகும் முன் தண்டைக் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பிளேடு போதும் நண்பர்களே!