வீட்டுச் சர்வருக்கு எத்தனை தட்டுகள்?

மர்ஹூமான பாட்டனாரின் கிராஅத் ஒலிப்பதிவு, மகளின் நிக்காஹ் வீடியோ, வளைகுடாவிலிருந்து வாப்பா அனுப்பிய படங்கள், வீட்டுப் பத்திர நகல்கள் ஆகிய யாவும் இன்று பல இல்லங்களில் கைபேசிகளில் சிதறிக் கிடக்கின்றன. இவற்றை ஓரிடத்தில் சேர்த்து வைக்க வீட்டிலேயே சிறிய சர்வர் அமைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடே. ஆனால் ஹார்டு டிஸ்க் எனப்படும் சேமிப்புத் தட்டுகளை வாங்குமுன் கணக்குப் பார்த்தல் அவசியம்.

படம் ஒன்று 4 மெகாபைட் எனக் கொண்டால், 1 டெராபைட்டில் இரண்டரை லட்சம் படங்கள் அடங்கும். இடத்தை விழுங்குவது வீடியோவே. தெளிவு மிகுந்த 4கே பதிவு மணிக்கு 10 முதல் 20 ஜிகாபைட் வரை கொள்ளும். கைவசமுள்ளதைக் கூட்டி, ஐந்தாண்டு வளர்ச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 4 டெராபைட் தட்டைக் கணினி 3.63 என்று காட்டினால் கடைக்காரரைக் கோபிக்க வேண்டா. தயாரிப்பாளர் ஆயிரத்தாலும், கணினி 1,024-ஆலும் எண்ணுவதால் நேரும் வேறுபாடு அது.

தட்டு என்றேனும் பழுதாகும். அதற்கெனப் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் எனும் பெர்க்லி அறிஞர்கள் மூவர் 1988-இல் வகுத்துரைத்த முறைக்கு 'ரெய்டு' என்று பெயர் (வருமான வரிக்காரர்களின் ரெய்டு அன்று!). இரு தட்டுகளில் ஒன்றையே எழுதினால், ஒன்று போனாலும் மற்றது நிற்கும், கொள்ளளவு பாதியாகும். 4 டெராபைட் தட்டுகள் நான்கை ரெய்டு 5 முறையில் இணைத்தால் 12 டெராபைட் கிடைக்கும். ஒரு தட்டின் இழப்பையே அது தாங்கும். ரெய்டு 6 இரண்டின் இழப்பைத் தாங்கும், கிடைப்பதோ 8. சாதாரணக் குடும்பத்திற்கு இரட்டைத் தட்டே போதும் என்பது நம் கருத்து.

ஏனெனில், ரெய்டு காப்பது தட்டின் பழுதிலிருந்து மட்டுமே. குழந்தை தவறுதலாக ஒரு படத்தை அழித்தால், அது இரு தட்டுகளிலும் அக்கணமே அழியும். திருடன் பெட்டியோடு தூக்கிச் செல்வான். 2015-ஆம் ஆண்டுச் சென்னை வெள்ளம் தரைத்தள வீடுகளுக்குள் புகுந்ததை மறந்துவிட முடியுமா?

ஹழ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் திருக்குர்ஆன் பிரதிகளை எழுதச் செய்து, ஒன்றை மதீனாவில் வைத்து, மற்றவற்றை வெவ்வேறு நகரங்களுக்கு அனுப்பினார்கள். அம்மாபெரும் பணியோடு நம் வீட்டுப் படங்களை ஒப்பிடுவது தகாது; எனினும் பிரதிகள் பல ஊர்களில் இருக்க வேண்டுமென்னும் பாடம் நமக்கும் உண்டு.

ஆகவே நான்கு தட்டுகள் வாங்க வசதியிருந்தால், இரண்டைச் சர்வரில் பொருத்துங்கள். மற்ற இரண்டையும் தனித்தனி நகல்களாக்கி, ஒன்றை வீட்டு அலமாரியிலும் மற்றொன்றை வேறூரிலுள்ள மகள் வீட்டிலும் வையுங்கள். பெருநாளுக்கு ஊர் செல்கையில் புதிய நகலைக் கொடுத்துப் பழையதை வாங்கி வரலாம். வந்ததும் நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்துவிடுங்கள். வீட்டுப் பெண்மக்களின் படங்கள் இருப்பதால், வெளியே செல்லும் தட்டைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டுவது கட்டாயம். அச்சொல்லைக் குடும்பத்தில் இருவரேனும் அறிந்திருக்கட்டும்.