'ரன்' என்றால் ஓடுவது மட்டும்தானா?

ஆங்கிலம் கற்கும் எமது மாணவர்களைத் தடுமாற வைப்பவை நீண்ட, கடினமான சொற்கள் அல்ல. மிகச் சிறிய வினைச்சொற்களே. நீண்ட சொல்லுக்குப் பெரும்பாலும் ஓரிரு பொருள்களே உண்டு. சிறிய வினையோ சேருமிடத்துக்கு ஏற்பப் பொருள் மாறும். இதற்குத் தக்க உதாரணம் 'ரன்'. 1928 இல் நிறைவடைந்த ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் முதற்பதிப்பில் மிக நீண்ட இடத்தைப் பிடித்த சொல் 'செட்'. பிற்காலத் திருத்தத்தில் 'ரன்' அதனை முந்தியது. அவ்வினைக்கு மட்டும் 645 பொருள்களை அகராதியாசிரியர்கள் கண்டனர்.

இந்த எண்ணிக்கையைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. எமது 'ஓடு' என்ற வினையும் இப்படிப்பட்டதுதான். மகாவலி கங்கை பேராதனையையும் கட்டுகஸ்தோட்டையையும் தொட்டு ஓடுகிறது. கண்டிக்கு 1867 இல் புகையிரதம் ஓடத் தொடங்கியது. திரைப்படம் நூறு நாட்கள் ஓடுகிறது. பல்லேகலை மைதானத்தில் வீரர்கள் ஓட்டங்களைக் குவிக்கின்றனர். இவை அனைத்துக்கும் ஆங்கிலத்தில் 'ரன்' பொருந்தும்.

சிக்கல் இரு மொழிகளும் பிரியும் இடத்திலேயே எழுகிறது. தமிழில் கடை தானாக ஓடும். அதன் உரிமையாளர் அதனை நடத்துவார். ஆங்கிலத்திலோ உரிமையாளரே கடையை 'ரன்' செய்கிறார். ஆங்கிலேயருக்கு மூக்கு ஓடும்; எமக்கு அது ஒழுகும். எமக்கு ஓடுவது வயிறு. அதனால்தான் 'வயிற்றோட்டம்' என்கிறோம். 'ரன்னிங் எ டெம்பரேச்சர்' என்று வைத்தியர் கூறினால் நோயாளிக்குக் காய்ச்சல் உள்ளது என்பதே கருத்து. துணியின் சாயம் 'ரன்' ஆனால் அது கழன்று பரவிவிட்டது என்று பொருள்.

அடுத்து ஒரு சிறு சொல் சேர்ந்தாலும் பொருள் முற்றாக மாறிவிடும். கிரிக்கெட்டில் 'ரன் அவுட்' என்றால் ஆட்டமிழப்பு என்பது சிறுவர்களுக்கும் தெரியும். மருந்தகத்தில் 'ரன் அவுட்' என்றால் மருந்து தீர்ந்துவிட்டது என்று பொருள். நண்பரை 'ரன் இன்ட்டு' செய்தால் தற்செயலாகச் சந்திக்கிறோம். மதிலுடன் பஸ் அவ்வாறு செய்தால் அது விபத்து. கணக்கை 'ரன் ஓவர்' செய்வது விரைவாகப் பார்வையிடுவது. வாகனம் ஒருவரை 'ரன் ஓவர்' செய்வதோ அவர்மீது ஏறிச் செல்வது.

இதனை வெறும் பரீட்சைப் பிரச்சினையாகக் கருதலாகாது. 1987 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழை அரசகரும மொழிகளுள் ஒன்றாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. கண்டி போன்று மூவினத்தவரும் கலந்து வாழும் பிரதேசத்தில் வங்கிப் பத்திரமும் காணி ஆவணமும் ஆங்கிலத்தில் எமது கைக்கு வரக்கூடும். குத்தகை ஐந்து வருடங்களுக்கு 'ரன்' ஆகும் என்றால், அது அக்காலம் முழுவதும் செல்லுபடியாகும். மலைச்சரிவிலுள்ள காணிகளில் வழியுரிமை மிக முக்கியமானது. அவ்வுரிமை காணியோடு 'ரன்' ஆகும் என எழுதப்பட்டிருந்தால், பாதை காணியினூடாக ஓடுகிறது என்பதல்ல கருத்து. காணி கைமாறினாலும் உரிமை அதனைத் தொடரும் என்பதே. இதனை அறியாது கையொப்பமிடுபவர் பின்னர் தமது அயலவருடன் வழக்காட நேரிடலாம்.

இதற்கான வழி எமது இலக்கண மரபிலேயே உள்ளது. பல பொருள் தரும் ஒரு சொல்லின் பொருளை, அதனோடு வரும் வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளியலாம் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரம் காட்டும் நெறி. ஆங்கிலத்துக்கும் இதுவே பொருந்தும். எது 'ரன்' ஆகிறது, எதனை 'ரன்' செய்கின்றனர், பின்னால் வரும் சிறு சொல் எது என்ற மூன்று வினாக்களைக் கேட்டால் பொருள் பெரும்பாலும் புலப்படும்.

ஆகவே, ஒரு வினைக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று மனனம் செய்விக்கும் முறையை ஆசிரியர்களும் பெற்றோரும் கைவிட வேண்டும். நாளொன்றுக்கு ஒரு முழு வாக்கியத்தைக் குறிப்பேட்டில் எழுதிப் பழகும் பிள்ளை, சொற்பட்டியலை ஒப்புவிக்கும் பிள்ளையைவிட உறுதியாக முன்னேறும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ, பொறியியல் பீடங்களில் ஆங்கிலத்தில் கற்கவிருக்கும் எமது பிள்ளைகளுக்கு இப்பழக்கமே உறுதியான அடித்தளமாக அமையும்.