வால்சக்கரத் தாங்கமைப்பு

வால்சக்கரத் தாங்கமைப்பு என்பது, வானூர்தியின் வாற்பகுதியைத் தரையில் தாங்கும் சிறு சக்கரத்தை உடற்பகுதியுடன் இணைத்து, தரையிறங்கும்போதும் தரையில் ஓடும்போதும் ஏற்படும் அதிர்ச்சியை ஏற்கும் உறுப்புகளின் தொகுதி ஆகும். இலகு வானூர்திகளில் இது பெரும்பாலும் எஃகு வில்பட்டைகளால் ஆனது. கரடுமுரடான நிலத்தில் இறங்கும் வானூர்திகளில் வில்பட்டைக்குப் பதிலாக அதிர்வு தணிப்பான் கொண்ட அமைப்பைப் பொருத்துவதும் உண்டு. இம்மாற்றம் அதிர்ச்சியைக் குறைக்கும் எனினும், எடை, ஈர்ப்பு மையம், உடற்சட்டத்தின் வலிமை ஆகியவற்றையும் பாதிக்கின்றது.

பின்னணி

இரண்டு முதன்மைச் சக்கரங்கள் முன்புறமும் ஒரு சிறு சக்கரம் வாலிலும் அமைந்த வானூர்தி வால்சக்கர வானூர்தி எனப்படும். இவ்வமைப்பில் மூக்கு உயர்ந்து நிற்பதால் சுழல்விசிறி தரையிலிருந்து விலகி இருக்கும். கற்களும் புல்லும் அதனைத் தாக்கும் வாய்ப்புக் குறைவு. எளிதில் சேதமடையக்கூடிய மூக்குச் சக்கரமும் இல்லை. எனவே அலாஸ்கா போன்ற இடங்களில் ஆற்றுப்படுகைகளிலும் மலைச்சரிவுகளிலும் இறங்கும் இலகு வானூர்திகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

இதன் குறைபாடு, ஈர்ப்பு மையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் அமைவதாகும். ஓடும்போது வால் ஒருபுறம் விலகினால், அவ்விலகல் தானாகவே வளர்ந்து வானூர்தி சுழன்றுவிடக்கூடும். இது தரைச்சுழற்சி எனப்படுகின்றது. ஆகவே வால்சக்கரம் தரையைப் பற்றியிருப்பது திசைக் கட்டுப்பாட்டுக்கு இன்றியமையாதது.

இந்தியாவிலும் செட்டிநாட்டிலும்

இந்தியாவில் பயிற்சிக்குப் பரவலாகப் பயன்பட்ட டைகர் மாத் (1931) வானூர்தியில் சக்கரத்துக்குப் பதிலாக வால் சறுக்குக்கட்டையே இருந்தது. இந்துஸ்தான் நிறுவனம் உருவாக்கிய எச்.டி.-2 (முதற்பறப்பு 1951), புஷ்பக் (1958), கிரிஷக் (1959), வேளாண்மைப் பணிக்கான பசந்த் (1972) ஆகியவை வால்சக்கர வானூர்திகள்.

செட்டிநாட்டின் கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் (1909–1957) வானூர்தி ஓட்டப் பயின்றவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர் நடத்திய ஜூபிடர் ஏர்வேஸ் நிறுவனம் டகோட்டா வானூர்திகளைப் பயன்படுத்தியது. டகோட்டாவும் வால்சக்கர வானூர்தியே. ஆனால் அதன் வாலில் இருந்தது வில்பட்டை அன்று. எண்ணெயும் காற்றும் கொண்ட அதிர்வுத் தாங்கு தண்டு ஆகும். பெரிய வானூர்திகளில் அக்காலத்திலேயே வழக்கில் இருந்த இந்தத் தணிப்பு முறையையே இன்றைய மாற்றமைப்புகள் சிறிய அளவில் இலகு வானூர்திகளுக்குக் கொண்டுவருகின்றன.

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகே, செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து வானூர்தித் தளம் ஒன்று உள்ளது. இது நெடுங்காலமாகப் பயன்பாடின்றி உள்ளது. இத்தகைய பழைய தளங்களில் பெயர்ந்த மேற்பரப்பு, சரளை, புல்லில் மறைந்த குழிகள் ஆகியன இடையூறாகும். பெரிய முதன்மைச் சக்கரம் உருண்டு கடந்துவிடும் குழியில் சிறிய வால்சக்கரம் இறங்கி மோதும்.

செயற்பாடு

வில்பட்டை, சரக்குந்துகளில் கமான் பட்டை எனப்படும் உறுப்பைப் போன்றதே. அது வளையும்போது ஆற்றலைச் சேமித்து, நிமிரும்போது அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகின்றது. பட்டைகளுக்கு இடையேயான உராய்வு சிறிதளவே ஆற்றலை விழுங்கும். இதனால் வால் துள்ளுகின்றது. துள்ளும் நேரத்தில் வால்சக்கரத்தால் திசைதிருப்ப இயலாது. அதிர்வு தணிப்பானில் எண்ணெய் குறுகிய துளை வழியே செல்வதால் அவ்வாற்றல் வெப்பமாக மாறி, துள்ளல் விரைவில் அடங்குகின்றது.

மாற்றத்தின்போது கருத வேண்டியவை

ஈர்ப்பு மையம்: வாலில் கூடும் சிறு எடையும் நீண்ட நெம்புகோலின் முனையில் செயற்படுகின்றது. எடுத்துக்காட்டாக, 600 கிலோகிராம் எடையுள்ள வானூர்தியில் ஈர்ப்பு மையத்துக்கு 4.5 மீட்டர் பின்னால் 2 கிலோகிராம் சேர்த்தால், ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் பின்னகரும். பின் இருக்கையும் சரக்கறையும் நிறைந்த நிலையில் இது அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டச் செய்யலாம்.

வலிமையின் வரிசை: பலத்த மோதலில் வில்பட்டை உடைந்தால் அதனை மாற்றுவது எளிது. எளிதில் வளையாத வலிய அமைப்பைப் பொருத்தினால் அதே விசை உடற்சட்டத்தின் பின்முனைக் குழாய்களைச் சென்றடையும். அவை வளைந்தால் பழுதுபார்ப்பு கடினமானது, சுக்கானும் பாதிக்கப்படலாம். எனவே எந்த உறுப்பு முதலில் உடைய வேண்டும் என்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதியாகும்.

வாலின் உயரம்: புதிய அமைப்பு வாலை உயர்த்தினால், மூன்று சக்கரங்களும் ஒருங்கே தரையைத் தொடும் இறக்கத்தில் இறக்கையின் தாக்குகோணம் குறையும். இதனால் தரையிறங்கும் வேகமும் தேவைப்படும் ஓட்டத் தொலைவும் கூடும். குறுகிய தளத்தில் இது முக்கியமானது.

பராமரிப்பு: தணிப்பானின் எண்ணெய் அடைப்புகள், மூட்டுகள், உராய்வுறைகள் ஆகியவற்றில் தூசியும் மணலும் சேர்வதால் அடிக்கடி ஆய்வு தேவை. வில்பட்டையில் இத்தகைய உறுப்புகள் குறைவு.

ஏற்பு: வகைச் சான்று பெற்ற வானூர்தியில் இம்மாற்றத்தைச் செய்ய, அந்நாட்டு வான்போக்குவரத்து அதிகார அமைப்பு ஏற்ற வடிவமைப்பு தேவை.

மாற்றுவதற்கு முன் ஆராய வேண்டியவை

வால்சக்கரம் பக்கவாட்டில் படபடவென நடுங்குவது பல நேரங்களில் புதிய தாங்கமைப்பு தேவை என்பதன் அறிகுறி அன்று. நாட்பட்ட வில்பட்டை வளைவை இழந்து தட்டையாகும்போது, சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு மாறி இந்நடுக்கம் தோன்றலாம். தேய்ந்த மூட்டுகளும் தளர்ந்த திசைதிருப்புச் சுருள்வில்களும் பிற காரணங்கள். பட்டையைப் பற்றும் பிடிக்கு அருகிலும் மரைதுளையைச் சுற்றியும் நுண்விரிசல் உள்ளதா எனவும் பார்க்க வேண்டும். கெட்டி ரப்பர்ச் சக்கரத்துக்குப் பதிலாகச் சற்றுப் பெரிய காற்றடைத்த சக்கரம் பொருத்துவதும் அதிர்ச்சியைக் குறைக்கும். அதன் எடையையும் மேற்கண்டவாறு கணக்கிட வேண்டும்.

பெரும்பாலும் செப்பனிட்ட ஓடுதளங்களில் இறங்கும் வானூர்திக்கு நன்னிலையிலுள்ள வில்பட்டையே போதுமானது. குழிகளும் கற்களும் நிறைந்த நிலத்தில் அடிக்கடி இறங்கும் வானூர்திக்கே தணிப்பானின் பயன் அதன் எடைக்கும் செலவுக்கும் ஈடாக அமைகின்றது.

இவற்றையும் பார்க்க

தரைச்சுழற்சி
ஈர்ப்பு மையம்
அழகப்பச் செட்டியார்