நீராவிக் கொதிகலன்களும் அவற்றின் காப்பு விதிகளும்

யட்டிநுவர, உடுநுவர, தும்பறை முதலிய பகுதிகளிலே கமஞ்செய்வோர் தொன்றுதொட்டு நெல்லைப் பானையில் அவித்து வந்தனர். நெல்லை ஊறவைத்து, அடியில் நெருப்பிட்டு, வாய் திறந்த பாத்திரத்தில் உமி வெடிக்கும்வரை அவிப்பது அம்முறை. அதிலே கை சுடலாம். உயிருக்கு மோசம் நேர்வது அரிது. நீராவி விரும்பியபடி வெளியேறுவதே அதற்குக் காரணம்.

ஆலையில் நடைபெறுவது வேறு. அங்கே நீராவி ஓர் இரும்புக் கலனுள் அடைக்கப்பட்டு, குழாய் வழியே நெல் அவிக்கும் தொட்டிக்குச் செலுத்தப்படுகின்றது. எரிபொருளுக்குக் குறைவில்லை. நூறு கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 20 கிலோ உமி கிடைக்கும்; அவ்வுமியே கொதிகலனை எரிக்கப் பயன்படுகின்றது. ஆகவே நெல்லைப் புழுக்கும் முயற்சியில் இறங்கும் கமக்காரரும் கூட்டுறவுச் சங்கத்தாரும் கொதிகலனுடன் பழகவேண்டியவராகின்றனர். நெல் மூடைகளுடன் முறைக்குக் காத்திருப்போரும் பெரும்பாலும் அதன் அருகிலேயே அமர்ந்திருப்பர்.

அடைபட்ட நீரின் வலிமை

கொதிகலன் வெடிப்பதற்கு நீராவி மட்டுமே காரணமென்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பெருந்தீங்கு விளைப்பது அதனுள் இருக்கும் நீரேயாம். திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை சதமளவில் கொதிக்கும். எவ்வளவு நெருப்பிட்டாலும் அதன் சூடு அதற்கு மேற் செல்லாது. அடைத்த கலனில் அமுக்கம் ஏறஏறக் கொதிக்கும் சூடும் ஏறும். சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அமுக்கத்திலே நீர் ஏறக்குறைய 170 பாகையில் நிற்கும். அந்நிலையிற் கலன் பிளந்தால், மிகையான சூட்டைத் தாங்கமாட்டாமல் நீரின் ஒரு பகுதி கணப்பொழுதில் நீராவியாக மாறிவிடும். ஆயிரம் கிலோ நீர் இருக்குமாயின் அதில் 130 கிலோ அளவு இவ்வாறு மாறும். ஒரு கிலோ நீர் நீராவியாகும்போது 1,600 இலீற்றருக்கு மேற்பட்ட இடத்தை நிரப்பும். இவ்வளவும் ஓர் அறைக்குள் ஒரே கணத்தில் விரிந்தால் சுவரும் கூரையும் நில்லா.

அமுக்கம் சிறிதாயிருந்தால் அஞ்சவேண்டியதில்லை என்பதும் தவறு. வெற்று எண்ணெய்ப் பீப்பாயைக் கொதிகலனாக மாற்றிக்கொள்ள எண்ணுவோர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று. அதன் மூடியின் குறுக்களவு ஏறத்தாழ 57 சதமமீற்றர். பரப்பு 2,500 சதுர சதமமீற்றருக்குச் சற்று மேல். சதுர சதமமீற்றருக்கு ஒரு கிலோ என்னும் மிகச் சிறிய அமுக்கத்திலேயே அம்மூடியை 2,500 கிலோவுக்கு மேற்பட்ட விசை வெளியே தள்ளும். இது 50 கிலோ மூடைகள் ஐம்பதின் பாரம். பீப்பாயின் தகடோ எண்ணெயைச் சுமப்பதற்கென அமைந்த மெல்லிய தகடு. நெல் அவிக்கும் பீப்பாயின் மூடியை இறுக்கிப் பூட்டுவதும், அதன்மேற் கல்லேற்றுவதும் ஒருபொழுதும் தகா.

உருளை வடிவான கலனுக்கு மற்றொரு குணமுண்டு. நெடுக்காக ஓடும் பொருத்து, சுற்றாக ஓடும் பொருத்தினும் இரு மடங்கு இழுவையைத் தாங்கவேண்டும். கலனின் குறுக்களவை இரட்டித்தால், அதே அமுக்கத்துக்குத் தகட்டின் தடிப்பையும் இரட்டிக்கவேண்டும். ஊர்ப்பட்டறையில் கண்ணளவாற் காய்ச்சி ஒட்டிய கலன் நெடும்பொருத்திலே பிளப்பதன் காரணம் இதுவே.

விதிகள் பிறந்த வகை

கண்டி மக்கள் கண்ட முதற் பெருங்கொதிகலன்களுள் 1867 ஆம் ஆண்டிலே கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து வந்த புகைவண்டி இயந்திரங்கள் அடங்கும். அக்காலத்தில் உலகெங்கும் கொதிகலன்கள் வெடித்து மக்கள் மாண்டுகொண்டிருந்தனர். கல்கத்தாவிலே 1863 ஆம் ஆண்டு நிகழ்ந்த வெடிப்பிற் பலர் இறந்தனர். அதன் பயனாக 1864 இல் வங்காளத்திலே கொதிகலன்களைப் பரிசோதிப்பதற்கான சட்டம் பிறந்தது. பின்னர் 1923 இல் இந்தியா முழுமைக்கும் ஒரு கொதிகலன் சட்டம் இயற்றப்பட்டது. அதற்குப் பதிலாக 2025 இல் புதிய சட்டம் வந்துள்ளது.

அமெரிக்காவில் மசச்சூசெற்சு மாகாணத்துப் பிரொக்டன் நகரிலே, 1905 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20 ஆந் திகதி, சப்பாத்துத் தொழிற்சாலை ஒன்றின் பழைய கொதிகலன் வெடித்து, மாடிகளைத் துளைத்துக்கொண்டு மேலே கிளம்பியது. நான்கு மாடிக் கட்டடம் சரிந்து எரிந்தது. 58 பேர் மாண்டனர். ஒன்றன்மேல் ஒன்று படியத் தகடுகளைப் பொருத்திய இடத்தில், வெளியிலிருந்து பார்ப்போர் கண்ணுக்குத் தோன்றாத வெடிப்பு வளர்ந்திருந்தது. இரண்டு ஆண்டுகளுள் அம்மாகாணம் கொதிகலன் விதிகளை வகுத்தது. அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் விதித்தொகுதி 1914 இல் ஏற்கப்பட்டு அடுத்த ஆண்டில் வெளிவந்தது. இன்ன அமுக்கத்துக்கு இன்ன தடிப்பு, இன்ன பொருத்து, இன்ன சோதனை என்று அது கூறும். பல நாடுகளில் இன்று செய்யப்படும் கலன்கள் அத்தொகுதியையோ அதனை ஒத்த வேறொன்றையோ தழுவியே செய்யப்படுகின்றன.

இலங்கையில் இவ்விடயம் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டத்தின்பாற்பட்டது. தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர்கள் அதனை நடைமுறைப்படுத்துகின்றனர். கொதிகலன் மட்டுமன்றி, அதிலிருந்து நீராவியை ஏற்கும் கலனும், காற்றை அடைத்து வைக்கும் கலனும் அச்சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றைக் குறித்த காலத்துக்கொருமுறை தகுதியுடையோர் பரிசோதித்து அறிக்கை எழுதவேண்டும்.

கொதிகலனில் நோக்கவேண்டியவை

காப்பு வால்வே முதன்மையானது. அமுக்கம் எல்லையைத் தாண்டியதும் அது தானே திறந்து நீராவியை வெளிவிடும். நீராவி வீணாகின்றதென்று கருதி அதன் திருகை இறுக்குவோரும், நெம்பிலே மேலதிக பாரத்தைத் தொங்கவிடுவோரும் உண்டு. உமியை மிச்சப்படுத்துவதற்கு இதனினும் கேடான வழி வேறில்லை. வால்வு அடிக்கடி திறந்தால் நெருப்பைக் குறைத்தல் வேண்டும். பல மாதம் ஒருமுறையேனும் திறவாத வால்வும் ஐயத்துக்குரியதே. துருவால் இறுகியிருத்தல் கூடும்.

அமுக்கமானியின் முகத்திலே, ஏறக்கூடாத எல்லை வேறு நிறக் கோட்டாற் குறிக்கப்பட்டிருக்கவேண்டும். நெருப்பிடுவோர் தம் இடத்தை விட்டு நகராமல் அதனைப் பார்க்கக்கூடியதாயிருத்தலும் வேண்டும்.

நீர்மட்டக் கண்ணாடி மூன்றாவது. கொதிகலன்களுக்கு நேரும் சேதங்களுட் பல நீர் குறைவதால் வருவன. நீர் மூடாத தகடு நெருப்பிற் சிவந்து வலிமை இழக்கும். கண்ணாடியில் நீர் தோன்றாவிடின், உடனே நீரைப் பாய்ச்சவேண்டும் என்றே மனம் சொல்லும், அவ்வாறு செய்தலாகாது. காய்ந்து சிவந்த தகட்டிலே நீர் பட்டதும் பெருமளவு நீராவி திடீரெனத் தோன்றும், தகடும் வெடிக்கும். உமி இடுவதை நிறுத்தி, நெருப்பை வெளியே இழுத்து, ஆட்களை அகற்றி, கலன் தானாக ஆற விடுதலே முறை. கண்ணாடிக்குச் செல்லும் துவாரம் சேற்றால் அடைபட்டால் அது பொய் மட்டத்தைக் காட்டும். ஆதலால் நாள்தோறும் நெருப்பிடுமுன் அதன் குழாய்களைத் திறந்து ஊதிவிடுதல் வேண்டும்.

நெல் அவிக்கும் தொட்டி கதவிட்டு மூடப்படுவதாயின் அதுவும் ஓர் அமுக்கக் கலனே. கொதிகலனின் முழு அமுக்கத்தையும் தாங்க இயலாத தொட்டிக்கு, அமுக்கத்தைக் குறைக்கும் வால்வும் தனியொரு காப்பு வால்வும் தேவை.

நீரின் தன்மையையும் கருதல் வேண்டும். உலர் வலயத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் வன்னீர்; அது தகட்டின் உட்புறத்தே சுண்ணப் படலத்தைப் படியச்செய்யும். படலம் தடித்தால் நெருப்பின் சூடு நீரைச் சேராது தகட்டிலேயே தங்கும். கண்டிப் பகுதி மலையோடை நீர் பொதுவாக மென்னீராதலின் அத்தொல்லை குறைவு. எனினும், அதிற் கரைந்துள்ள காற்று இரும்பைச் சிறு குழிகளாக அரித்துவிடும். வெளியே வர்ணம் பூசிப் புதியது போலத் தோன்றும் கலன் உள்ளே மெலிந்திருக்கலாம்.

கராம்பு, சாதிக்காய் முதலியவற்றை வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்போர் எண்ணெய் வடிக்கும் கலனையும் வைத்திருத்தல் உண்டு. ஆவி குளிர்ந்து வெளிவரும் குழாய் இலைத்தூளால் அடைபட்டால் அக்கலனும் கொதிகலனாகிவிடும். ஒவ்வொரு முறையும் அடுப்பை மூட்டுமுன் குழாயினுள் நீர் விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். மரக்கறித் தோட்டக்காரரின் காற்றடிக்கும் மருந்துத் தெளிகருவியும் அமுக்கக் கலனே. காற்றை முற்றாக வெளியேற்றாமல் அதன் மூடியைத் திறந்தால், மூடி பறப்பதோடு நஞ்சும் முகத்திற் படும். கைப்பம்பிக்குப் பதிலாக வாகனச் சில்லுக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தைப் பொருத்தலாகாது.

கமக்காரர் அமைப்புகள் பழைய கொதிகலனை மலிவாகக் கொள்ள முனைவதுண்டு. பணம் கொடுக்குமுன் நான்கு செய்திகளைக் கேட்டறிதல் வேண்டும்: செய்தவர் யார், செய்த ஆண்டு யாது, அனுமதிக்கப்பட்ட அமுக்கம் எவ்வளவு, இறுதியாகப் பரிசோதித்த அறிக்கை எங்கே என்பன அவை. செய்தவர் பெயர்த்தகடு இல்லாத கலனைக் கொள்ளாதிருத்தல் நன்று. அறிக்கை இருப்பினும், கலனை இடம்பெயர்த்து நாட்டிய பின் நீரமுக்கச் சோதனை செய்விக்கவேண்டும். கலன் முழுவதும் குளிர்ந்த நீரை நிரப்பி, அனுமதிக்கப்பட்ட அமுக்கத்தினும் கூடுதலாக, வழமையாக ஒன்றரை மடங்குக்கு, பம்பியால் ஏற்றிப் பார்ப்பது அச்சோதனை. நீர் அமுக்கத்தால் அதிகம் சுருங்காதாகையால், கலன் பழுதுபட்டிருந்தாலும் கசிவதோடு நின்றுவிடும். காற்றை அடைத்து அவ்வாறு சோதித்தல் கூடாது. கலனை நாட்டும் இடத்தையும் காத்திருப்போர் தங்கும் கொட்டகையையும் சுவரொன்றாற் பிரித்து, கட்டடம் எழுப்புமுன்னரே வரைபடத்தைத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளரிடம் காட்டிக்கொள்ளலாம்.