போர்னியோக் காட்டில் அகப்பட்ட குருவி

விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர்களுக்கு மைனாவையும் முராய்க் குருவியையும் யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. குரலைக் கேட்டே இன்ன பறவை என்று சொல்லிவிடுவோம். ஆனால் அதை ஓர் அறிவு என்று நாம் எண்ணுவதில்லை. பறவைகளைப் பற்றித் தெரிந்தவர்கள் எங்கோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள் என்று விட்டுவிடுகிறோம். போர்னியோத் தீவின் இந்தோனேசியப் பகுதியான தென் கலிமந்தானில் நடந்ததைக் கேட்டால் அப்படி விட்டுவிட மாட்டோம்.

1840ஆம் ஆண்டுகளில் சுவானர் என்ற ஜெர்மானிய நிலவியல் ஆய்வாளர் போர்னியோவில் பயணம் செய்தார். அவர் சேகரித்தவற்றுள் பழுப்பு நிறச் சிறு குருவி ஒன்றும் இருந்தது. கண்ணின் குறுக்கே, மை தீட்டியதுபோல் அகலமான கறுப்புக் கோடு. 1850இல் பொனபார்ட் என்ற பறவையியல் அறிஞர் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். (இவர் மாவீரன் நெப்போலியனின் தம்பி மகன்தான்.) குருவியின் உடல் பாடம் செய்யப்பட்டு, ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரக் காட்சிசாலையில் வைக்கப்பட்டது. அதோடு சரி. அதன்பிறகு அந்த இனத்தில் இன்னொரு குருவியை எந்த ஆய்வாளரும் கண்டதில்லை.

தேடுவதற்கும் வழியில்லாமல் இருந்தது. அது ஜாவாவிலிருந்து வந்தது என்றே முதலில் எழுதிவிட்டார்கள். 1895இல்தான் பியூட்டிகோஃபர் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர், அந்தக் காலத்தில் சுவானர் இருந்தது போர்னியோவில் அல்லவா என்று எடுத்துக்காட்டினார். சரி, போர்னியோவில் எங்கே? நம் தீபகற்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட தீவு அது.

2020 அக்டோபரில், தென் கலிமந்தானில் காட்டுப் பொருள்கள் சேகரிக்கப் போன உள்ளூர்க்காரர் இருவர் ஒரு குருவியைப் பிடித்தார்கள். அவர்களுக்கு அந்தக் காட்டுக் குருவிகள் பழக்கம். இது பழக்கமில்லாததாகத் தோன்றியது. படம் எடுத்துக்கொண்டு, குருவியைப் பறக்கவிட்டார்கள். படங்களைப் பறவை ஆர்வலர் குழுவினருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அவை பல நாட்டு அறிஞர்களுக்குச் சென்றன.

படத்தில் இருந்த குருவியின் கண் கருஞ்சிவப்பு. லெய்டனில் இருந்த குருவியின் கண்ணோ மஞ்சள். அப்படியானால் வேறு இனமா? இல்லை. பாடம் செய்யும்போது கண்ணை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கண் பொருத்துவது வழக்கம். பொருத்தியவர் உயிருள்ள பறவையைப் பார்த்திராதவர். கைக்குக் கிடைத்த மஞ்சளை வைத்துவிட்டார். காலின் நிறமும் நாளடைவில் மாறிவிட்டிருந்தது. கோட்டையும் அலகையும் மற்றவற்றையும் ஒப்பிட்டு, அதே குருவிதான் என்று முடிவு செய்தார்கள். ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்குப் பிறகு, அதன் உண்மையான கண்ணின் நிறத்தை அறிவுலகத்துக்குச் சொன்னவர்கள் அந்தக் காட்டுக்குப் போய்வரும் இருவரே.

எட்டாத காடு எட்டும்படி ஆவது பெரும்பாலும் பாதை போடுவதால்தான். அதே பாதையில் மர லாரியும் வருகிறது. கூண்டுக்குக் குருவி பிடிப்பவரும் வருகிறார். ஆகவே கண்டுபிடித்த செய்தி கேட்டு மகிழும்போதே நமக்குக் கொஞ்சம் அச்சமும் உண்டாகிறது. நம் தோட்டங்களும் ஒரு காலத்தில் காடுகளே. அழித்த கைகளில் நம் பாட்டன்மார் கைகளும் உண்டு. அங்கே அப்போது என்னென்ன பறந்தன என்று கேட்டால், நம் வீடுகளில் இன்று சொல்வாரில்லை.

காட்டை அழிக்காமல் எட்டிப் பார்க்கவும் வழி இருக்கிறது. சபாவின் டானும் பள்ளத்தாக்கில், உயர்ந்த மரங்களுக்கிடையே தொங்கு நடைபாதை அமைத்திருக்கிறார்கள். 2009இல் அதில் நின்றவர்கள், புல்லுருவிச் செடியில் மேயும் சாம்பல் நிறச் சிறு பறவை ஒன்றைக் கண்டார்கள். கண்ணைச் சுற்றி, மூக்குக் கண்ணாடி போட்டதுபோல் வெள்ளை வளைவுகள். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. மர உச்சியிலேயே வாழ்வதால் கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அகப்படாத பறவை. 2019இல் சரவாக்கில் வலையில் ஒன்று சிக்கிய பிறகே, புதிய இனம் என்று உறுதி செய்து, டாயாக் மக்களின் நினைவாகப் பெயரிட்டார்கள்.

நாம் குருவியைப் பிடிக்க வேண்டியதில்லை. தோட்டத்தின் காட்டோரத்தில் பழக்கமில்லாத பறவை கண்ணில் பட்டால், பிள்ளைகளின் பள்ளி நோட்டில் நாள், இடம், கண்ணின் நிறம், காலின் நிறம், எந்த உயரத்தில் உட்கார்ந்திருந்தது, எப்படிக் கத்தியது என்று எழுதி வைக்கலாம். கண்ணின் நிறத்தை மறந்துவிடக் கூடாது.